முதுமையைத் தள்ளிப்போடும் மாத்திரைகள்: பயனும் இடரும்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். இவர்களுள் பலர் ஓய்வூதியத்தையோ பிள்ளைகளின் வருவாயையோ சார்ந்து வாழ்பவர்கள். முதுமையைத் தடுப்பதாகக் கூறி விற்கப்படும் மாத்திரைகளுக்கு இவர்கள் செலவிடும் பணம் தக்க பயனைத் தருகிறதா என ஆராய்வது அவசியமாகும்.

இம்மாத்திரைகளுள் வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் ஆகியவை நெடுங்காலமாக வழக்கில் உள்ளவை. உணவு ஆற்றலாக மாறும்போது உடலில் தோன்றும், எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகள் உயிரணுக்களைச் சிதைப்பதே முதுமைக்குக் காரணம் என்ற கோட்பாட்டை, டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க அறிவியலார் 1956-இல் வெளியிட்டார். அம்மூலக்கூறுகளை அடக்கும் பொருள்களை மிகுதியாக உட்கொண்டால் முதுமை தாமதமாகும் என்ற எதிர்பார்ப்பு இதிலிருந்தே வளர்ந்தது.

எனினும், சோதனை முடிவுகள் இந்த எதிர்பார்ப்பை உறுதிசெய்யவில்லை. புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் பின்லாந்தில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 1994-இல் வெளியாயிற்று. பீட்டா கரோட்டின் உட்கொண்டோரிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாகக் காணப்பட்டது. வட அமெரிக்காவில் 35,000-க்கும் மேற்பட்ட ஆடவரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், நாள்தோறும் 400 அலகு வைட்டமின் ஈ உட்கொண்டோரிடையே புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் 17 விழுக்காடு மிகுந்திருந்ததாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்கு, மிகை அளவு வைட்டமின் ஈ இரத்தக்கசிவு அபாயத்தையும் கூட்டுகிறது.

இதனால் இத்தகைய மாத்திரைகள் அனைத்தும் பயனற்றவை எனக் கருதலாகாது. முதுமையில் விழித்திரை சிதையும் நோய் நடுநிலையை எட்டியவர்களுக்கு, துத்தநாகத்துடன் சேர்ந்த வைட்டமின் கலவை அந்நோய் முற்றும் வாய்ப்பை ஏறக்குறைய 25 விழுக்காடு குறைத்தது என 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. சைவ உணவு உண்ணும் முதியோரிடம் வைட்டமின் பி12 குறைபாடு கண்டறியப்படின், அதனை ஈடுசெய்வது இன்றியமையாதது. குறைபாடோ நோயோ உள்ளவருக்கு உதவும் பொருள், அவை இல்லாதவரின் இளமையை நீட்டிக்கும் என்று கொள்வதே தவறாகும்.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் இத்தகைய பொருள்களை மருந்தாக அன்றி உணவாகவே கருதுகிறது. எனவே, விற்பனைக்கு வந்திருப்பது ஒன்றே ஒரு பொருள் முதுமையைத் தடுக்கும் என்பதற்குச் சான்றாகாது.

பொருளாதார நோக்கில், ஒரு செலவின் உண்மையான விலை அதனால் கைவிடப்படும் மாற்றுப் பயனேயாகும். பயன் உறுதியாகாத மாத்திரைக்குச் செல்லும் தொகை, பருப்பு, பால், கீரை, பழம் ஆகியவற்றுக்கோ இரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனைகளுக்கோ பயன்பட்டிருக்கக் கூடும். தேவையை மருத்துவர் உறுதிசெய்த பின்னரே மாத்திரையை நாடுவது உடல்நலத்துக்கும் குடும்ப வரவு செலவுக்கும் ஏற்றதாகும்.