குளிரில் வெடிக்கும் குழாய்!
இறுக மூடினால் ஆபத்து, சொட்டவிட்டால் தப்பும்

மார்கழிக் குளிரிலும் திண்டுக்கல் குழாயில் தண்ணீர் உறைவது இல்லை. ஆனால் அதே மாவட்டத்தில், சுமார் 7 ஆயிரம் அடி உயரத்தில் உள்ள கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுகிறது. விடியும்போது புல்வெளி உப்புத் தூவியதுபோல் கிடக்கும்.

அங்கே பெரும்பாலும் புல் வெளுப்பதோடு சரி. காஷ்மீரத்தில் அப்படி அல்ல. டிசம்பர் 21-ந் தேதி தொடங்கும் 40 நாட்களை அங்கு "சில்லை கலான்" என்பார்கள். பெருங்குளிர் என்று பொருள். அப்போது ஸ்ரீநகரில் வீட்டுக் குழாய்களே உறைந்துவிடும். ராணுவத்தில் அந்தப் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவில் வந்து சொன்னால், இங்கே நம்புவது கடினம்தான்!

வெடிப்பது ஏன்?

தண்ணீர் ஐஸ் ஆகும்போது பருக்கும். 100 பங்கு தண்ணீர், ஐஸ் ஆனால் சுமார் 109 பங்கு இடம் கேட்கும். பிரிட்ஜின் ஐஸ் அறையில் கண்ணாடி பாட்டிலில் தண்ணீரை வைத்து மறந்தவர்களுக்கு இது தெரியும்.

ஆனால் ஐஸ் பிடித்த இடத்தில்தான் குழாய் வெடிக்கும் என்பது இல்லை. ஐசுக்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் நடுவே தண்ணீர் சிக்கிக்கொள்கிறது. ஐஸ் வளர வளர, அந்தத் தண்ணீர் நெருக்கப்படுகிறது. போக வழி இல்லை. குழாய் பிளக்கிறது.

பிளந்தது உடனே தெரியாது. வெயில் ஏறி ஐஸ் இளகியதும் தண்ணீர் பீறிடும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் வீடே குளமாகும்.

வெயில் நாட்டிலும்...

அமெரிக்காவில் டெக்சாஸ் வெயில் மாநிலம். 2021 பிப்ரவரியில் அங்கு பனிப்புயல் அடித்தது. மின்சாரம் நின்றது. ஏராளமான வீடுகளில் குழாய்கள் வெடித்தன. குளிரை நினைக்காமல், பல வீடுகளில் கூரைக்கு அடியில் மூடாத குழாய்களை ஓட்டியிருந்தார்கள். கொடைக்கானலில் வீடு கட்டும் சமவெளிக்காரர்கள் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

என்ன செய்வது?

வெளிச்சுவரில் ஓடும் குழாய்க்குத் துணியோ சாக்கோ சுற்றி, நனையாதபடி மேலே பிளாஸ்டிக் தாள் கட்டலாம். கடுங்குளிர் இரவில் குழாயைச் சற்றே திறந்து சொட்டவிட வேண்டும். நெருக்கும் தண்ணீருக்கு அதுவே வழி. பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு இது விந்தைதான்! குடத்துடன் காத்திருந்து பழகியவர்களுக்கு மனமும் ஒப்பாது. சொட்டுவதை வாளியில் பிடித்துக்கொள்ளலாம்.

வீட்டைப் பூட்டி வெளியூர் போனால், பெரிய வால்வை மூடிவிட்டு, குழாய்களைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

உறைந்துவிட்டதா? நெருப்பு காட்டக்கூடாது. பிளாஸ்டிக் குழாய் உருகும். இரும்புக் குழாய்க்குள் நீராவி அடைத்து வெடிக்கலாம். முதலில் திருகைத் திறக்க வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைத் திருகின் பக்கத்திலிருந்து தொடங்கி, உள்நோக்கிச் சுற்றிக்கொண்டே போனால் ஐஸ் இளகி வந்துவிடும்.