உங்களுக்குத் தெரியுமா? புலிக்கு 37 குத்து!

வங்காளத்து ஷ்யாமகாந்த பந்தோபாத்யாய் (1858–1918) புலிகளோடு வெறுங்கையால் மல்லுக்கட்டிப் பேர் வாங்கியவர். பிறகு துறவு பூண்டு சோஹம் சுவாமி ஆனார். பரமஹம்ச யோகானந்தர் சிறுவயதில் கொல்கத்தா பவானிப்பூரில் அவரைத் தேடிப்போய்ப் பார்த்ததை, 1946-இல் வெளியான தன் சுயசரிதையில் ஒரு தனி அத்தியாயமாகவே எழுதியிருக்கிறார்.

இப்படி ஒருவரை ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் இறக்கிவிட்டால் என்ன ஆகும்? நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு அது. அமெரிக்காவில் 1974-இல் பிறந்தது. அதன் 2014 பதிப்பில் புலிக்கு உயிர்ப்புள்ளி 37. சாமானிய மனிதனுக்கு 4. சாமானியன் விடும் குத்து ஒன்றுக்கு ஒரே ஒரு புள்ளிதான் குறையும். ஆக, 37 குத்து விழவேண்டும். அதுவும் 20 முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் குத்தே படும். புலி கடித்தால்? ரொம்பக் குறைந்த கடியே 4 புள்ளி. ஆள் காலி! ஷ்யாமகாந்தர் சாமானியர் இல்லை என்று வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

*

கையில் ஒரு கத்தி இருந்தால்? அதற்கு நாலு முகப் பகடை. சராசரியாகக் குத்துக்கு இரண்டரைப் புள்ளி. 37 குத்து 15 ஆகச் சுருங்கிவிடும். நிஜத்திலும், 1906-இல் வங்கத்தின் கயாகிராமம் அருகே விடுதலைப் போராளி ஜதீந்திரநாத் முகர்ஜி ஒரு சின்னக் கத்தியோடு புலியை எதிர்கொண்டு கொன்றார். உடம்பெல்லாம் ரணம். கொல்கத்தாவின் பெயர்பெற்ற அறுவை மருத்துவர் சுரேஷ் பிரசாத் சர்வாதிகாரிதான் பார்த்துப் பிழைக்க வைத்தார். அதற்குப் பிறகு ஜதீந்திரநாத் ‘பாகா ஜதீன்’ (புலி ஜதீன்) ஆனார். தென் கொல்கத்தாவில் ஒரு பேட்டையே அந்தப் பெயரில் இருக்கிறது.

*

டன்ஜன்ஸின் மூன்றாம் பதிப்பில் (2000) ஒரு விதி உண்டு. ஆயுதம் வைத்திருப்பவனை நீங்கள் வெறுங்கையால் அடிக்கப் போனால், உங்கள் அடி விழும் முன்பே அவனுக்கு ஒரு ஓசி அடி கிடைக்கும். பலர் இதைத் திட்டுவார்கள். என்னைக் கேட்டால், எல்லாப் பதிப்புகளிலும் நேர்மையான விதி இதுதான். முஷ்டி எட்டும் தூரத்துக்குள் போக வேண்டுமென்றால் வாள் எட்டும் தூரத்தைத் தாண்டித்தானே போகவேண்டும்? தனிப் பயிற்சி பெற்றதாகக் கணக்குக் காட்டினால் இந்தத் தண்டனை நீங்கும்.

*

உள்ளே புகுந்து பிடித்துவிட்டால் நிலைமை தலைகீழ். அதே மூன்றாம் பதிப்பில் கட்டிப்பிடித்த நிலையில் சிறிய ஆயுதத்தைத்தான் வீசலாம். இரண்டு கையால் தூக்கும் பெரிய வாள் அங்கே வெறும் சுமை. விதி எழுதிய அமெரிக்கர்கள் பார்த்தார்களோ இல்லையோ, வடகொல்கத்தாவின் மல்யுத்த அகாராக்களில் (பயிற்சிக்கூடங்களில்) உடம்பால் கற்றுக்கொடுத்தது இந்தப் பிடியைத்தான். அம்பிகாசரண் குஹாவின் அகாராவில் இளம் விவேகானந்தர் மண்ணில் புரண்டிருக்கிறார். அந்தக் குடும்பத்துப் பிள்ளை கோபர் குஹா (ஜதீந்திரசரண் குஹா, 1892–1972). 70 கிலோவுக்கும் மேற்பட்ட கல் வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உடற்பயிற்சி செய்வாராம். 1921 ஆகஸ்ட் 30 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஆட் சான்டலைச் சாய்த்து, தொழில்முறை மல்யுத்தத்தின் லைட் ஹெவிவெயிட் உலகப் பட்டத்தை வென்றார். அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆசியர் அவர். கோவாபாகான் தெருவில் இருந்த அவருடைய அகாரா கொல்கத்தாக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம்.

*

வெறுங்கை வீரனுக்கென்றே இந்த விளையாட்டில் ஒரு பாத்திரம் 1975-இல் வந்தது: துறவி! குங்ஃபூ படங்கள் சக்கைப்போடு போட்ட காலம் அது. 2014 பதிப்பில் துறவியின் கை முதல் படியில் கத்திக்குச் சமம். 17-ஆம் படியில் இரண்டு கையால் பிடித்த நீள்வாளுக்குச் சமம். 2024 திருத்தத்தில் இன்னும் தாராளம்: ஆறு முகப் பகடையில் தொடங்கி 12 முகம் வரை போகிறது.

*

20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வங்க இளைஞர்கள் ஏன் இப்படி விழுந்து விழுந்து சிலம்பம் (அங்கே ‘லாட்டி’) பழகினார்கள்? ஒரு காரணம், 1878-இன் ஆயுதச் சட்டம். லிட்டன் பிரபு காலத்தில், அன்றைய தலைநகரான கொல்கத்தாவில் இருந்த ஆட்சி கொண்டுவந்தது. உரிமம் இல்லாமல் இந்தியர் ஆயுதம் வைத்திருக்கக்கூடாது. மூங்கிலுக்கு யார் உரிமம் கேட்பது! 1902-இல் கொல்கத்தாவில் தொடங்கிய அனுசீலன் சமிதி, உடற்பயிற்சிச் சங்கம் என்ற போர்வையில் தடியும் குத்துவாளும் சொல்லிக்கொடுத்தது. தாகூரின் அக்காள் மகள் சரளா தேவி தன் வீட்டிலேயே ஒரு பயிற்சிக்கூடம் வைத்து, முர்தஸா என்ற ஆசானை அமர்த்தினார். டாக்கா அனுசீலன் சமிதியை நிறுவிய புலின் பிஹாரி தாஸும் அதே முர்தஸாவிடம் தடி பிடித்தவர்தான். வெறுங்கையை மட்டும் நம்பியவர் இவர்களில் ஒருவரும் இல்லை.

*

தாகூர் பிள்ளைப் பருவத்தில் தினமும் விடியும் முன்பே ஜொராசாங்கோ வீட்டில் ஒற்றைக்கண் மல்லர் ஒருவரிடம் மண் பூசிக்கொண்டு மல்யுத்தம் பழகினார். பையன் கறுத்துப்போய்விடுவானே என்று அம்மாவுக்குக் கவலை. விடுமுறை நாளில் உட்கார வைத்து உடம்பெல்லாம் விழுது பூசித் தேய்ப்பாராம். இதை அவரே எழுதியிருக்கிறார். பெரியவரான பின் ஜூடோ பித்து! 1905 வாக்கில் சானோ என்ற ஜப்பானியரையும், 1929-இல் ஷின்ஸோ தகாகாகியையும் சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். பெண்களும் சேர்ந்து கற்றார்கள். 1931-இல் கொல்கத்தா நியூ எம்பயர் அரங்கில் ஊரறிய ஒரு காட்சி நடந்தது. அதற்கென்றே ஒரு பாட்டும் எழுதிக் கொடுத்தார் கவி.

*

ஜூடோ என்றால் வெறும் தூக்கிப்போடுவது மட்டுமல்ல. ஜூடோவின் தலைமையகமான டோக்கியோ கோடோகானின் ‘கிமே நோ கதா’ என்ற பயிற்சித் தொகுப்பில் 20 முறைகள்: எட்டு மண்டியிட்டு, 12 நின்றபடி. எதிராளி சில முறைகளில் குத்துவாளோடும் சிலவற்றில் நீள்வாளோடும் வருவான். 1986-இல் வந்த ‘கர்ப்ஸ்’ என்ற விளையாட்டுக்கும் இது தெரியும். வாளை வெறுங்கையால் தடுக்கப் போனால் மூன்று புள்ளி அபராதம். ஜூடோவோ கராத்தேயோ தெரிந்தவனுக்கு அது கிடையாது. மூன்றுதானே என்று நினைக்கவேண்டாம். மூன்று பகடை உருட்டி 12-க்குள் விழவேண்டும் என்றால் 100-இல் 74 முறை தப்பலாம். 9-க்குள் என்றால் 37 முறைதான். தவறினால், தடுக்க நீட்டிய கையையே வெட்ட எதிராளிக்கு உரிமை உண்டு.

*

நம் பக்கம்: கேரளத்து வடக்கன் களரியில் மெய்த்தாரி (உடற்பயிற்சி), கோல்தாரி (தடி), அங்கத்தாரி (உலோக ஆயுதம்) எல்லாம் கடந்தபின் கடைசியாகத்தான் ‘வெறுங்கை’. கன்னியாகுமரிப் பக்கத்து அடிமுறையில் வெறுங்கைதான் முதல் பாடம்.

*

துப்பாக்கி வந்தால்? 1920-களைப் பெரும்பாலும் களமாகக் கொள்ளும் ‘கால் ஆஃப் கதுல்லு’ என்ற விளையாட்டின் ஏழாம் பதிப்பு கறாரானது. ஏற்கெனவே உருவிப் பிடித்த துப்பாக்கிக்காரனுக்கு யார் முந்துவது என்ற கணக்கில் 50 புள்ளி கூடுதல். சாமானியன் குத்துக்குக் கிடைப்பது மூன்று புள்ளிக்குள். கோடோகான் இதையும் விட்டுவைக்கவில்லை: 1956-இல் உருவாக்கிய ‘கோஷின் ஜுட்சு’வின் 21 முறைகளில் ஒன்பது ஆயுதத்துக்கு எதிரானவை. மூன்று குத்துவாளுக்கு, மூன்று தடிக்கு, மூன்று கைத்துப்பாக்கிக்கு. துப்பாக்கிக்கான அந்த மூன்றும், சுடுகிறவன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றால்தான் செல்லும்.