போர் நுழையாத ஊரில் ஒரு காதல் கதை: ‘பின்னணி’ வினாவுக்கு விடை எழுதுவது எப்படி?

‘நாவலின் பின்னணியை விளக்குக’ என்று கேட்டால், மாணவர்கள் பலர் ஊர்ப் பெயரையும் ஆண்டையும் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போயிடுறாங்க. “கதை லிஸ்பன் நகரில் 1942இல் நடக்கிறது.” தப்பில்லை. ஆனா அது வெறும் முகவரிதான். அந்த ஊரும் அந்தக் காலமும் கதைமாந்தரை என்ன பாடு படுத்துகின்றன என்று சொன்னால்தான் அது விளக்கம்.

இதைப் பழகிக்கொள்ள, போர்க்காலத்தில் நடுநிலை நாடு ஒன்றில் நடக்கும் வரலாற்றுக் காதல் நாவல் நல்லா உதவும். குண்டு விழாத ஊரில் போர் எப்படிக் கதையை நகர்த்துகிறது என்று நாமே தேடிக் கண்டுபிடிக்கணும் இல்லையா?

நடுநிலை நாடு என்றால் என்ன?

போரிடும் இரு தரப்பில் எதிலும் சேராத நாடு. இரண்டாம் உலகப் போரில் சுவிட்சர்லாந்து, சுவீடன், போர்த்துக்கல் ஆகியவை அப்படி இருந்தன. சேரவில்லை என்பதற்காகப் போர் அங்கே எட்டிப் பார்க்கவில்லை என்று நினைச்சிடாதீங்க. போர்த்துக்கல், ஆயுத உற்பத்திக்கு வேண்டிய டங்ஸ்டன் தாதுவைப் பிரிட்டனுக்கும் விற்றது, ஜெர்மனிக்கும் விற்றது. தலைநகர் லிஸ்பனில் இரு தரப்பு ஒற்றர்களும் நடமாடினார்கள். ஹிட்லரிடமிருந்து தப்பியவர்கள் பிரான்சையும் ஸ்பெயினையும் கடந்து, அமெரிக்காவுக்குக் கப்பலேற அங்கே வந்து குவிந்தார்கள்.

எடுத்துக்காட்டு: ஒரு ஜெர்மன் நாவல்

எரிக் மரியா ரெமார்க் எழுதிய ‘லிஸ்பனில் ஓர் இரவு’ 1962இல் நூலாக வந்தது. கதை நடப்பது 1942இல். கதை சொல்பவர் ஓர் அகதி. அவருக்கும் மனைவிக்கும் விசா இல்லை, பணமும் இல்லை. துறைமுகத்தில் நிற்கும் கப்பலை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்போது முன்பின் தெரியாத ஒருவர் வந்து, “இரண்டு டிக்கெட் தர்றேன். இந்த இரவு முழுக்க என் கதையைக் கேட்டால் போதும்” என்கிறார்.

வந்தவர் பெயர் ஷ்வார்ட்ஸ். அதுகூட இறந்துபோன ஒருவருடைய கடப்பிதழில் இருந்த பெயர்தான். மனைவி ஹெலனைப் பார்ப்பதற்காக, தப்பி வந்த ஜெர்மனிக்கே உயிரைப் பணயம் வைத்துத் திரும்பிப் போனவர் அவர். இருவரும் சேர்ந்து தப்பி, பிரான்சில் முகாம்களில் அடைபட்டு, ஒருவழியா லிஸ்பன் வந்து சேர்ந்தார்கள். டிக்கெட் கிடைத்துவிட்டது. ஆனா கப்பலேறும் முன்பே ஹெலன் இறந்துவிட்டாள். அவருக்கு இனி அந்த டிக்கெட்டால் என்ன பயன்?

பின்னணியில் எதைக் கவனிக்க வேண்டும்?

1. இடப்பின்னணி: ஐரோப்பாவின் பல நகரங்கள் குண்டுவீச்சுக்குப் பயந்து விளக்கை அணைத்திருந்த காலத்தில் லிஸ்பனில் இரவு விளக்குகள் எரிந்தன. இருட்டுக்குப் பழகிய அகதிக்கு அந்த வெளிச்சமே ஒட்டவில்லை. ஊர் அமைதியாக இருக்கிறது, மனம் அமைதியாக இல்லை. இந்த முரண்தான் விடையில் வர வேண்டும்.

2. காலப்பின்னணி: இங்கே காலத்தை ஓட்டுவது கப்பல் புறப்படும் நேரம். ஒரே இரவுக்குள் ஒரு வாழ்க்கையையே சொல்லி முடிக்க வேண்டியிருக்கிறது.

3. சமுதாயப்பின்னணி: மனிதனைவிடக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம். இது கற்பனை மட்டும் இல்லை. 1940 ஜூனில் பிரான்சின் பொர்தோ நகரிலிருந்த போர்த்துக்கல் தூதரக அதிகாரி அரிஸ்டிடிஸ் டி சூசா மென்டெஸ், தம் அரசின் ஆணையை மீறி ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு விசா வழங்கினார். பலர் பிழைத்தார்கள், அவர் பதவியை இழந்தார். ஒரு முத்திரைக்கு அவ்வளவு விலை இருந்த காலம் அது.

மாதிரி விடைப்பகுதி

“லிஸ்பன் போரில் சேராத நாட்டின் தலைநகர். எனினும் அகதிகளுக்கு அது வீடாக அமையவில்லை. கப்பலுக்குக் காத்திருக்கும் இடமாகவே அமைந்தது. விசா இருப்பவர் பிழைப்பார், இல்லாதவர் சிக்குவார் என்ற சூழலில்தான் ஷ்வார்ட்சின் காதல் சோதிக்கப்படுகிறது. உயிர்காக்கும் டிக்கெட்டை அவர் கொடுத்துவிடுவது, ஹெலன் இல்லாத பாதுகாப்பு தமக்குப் பொருளற்றது என்பதை உணர்த்துகிறது.”

கவனிச்சீங்களா? ஊர், காலம், சமுதாயம் மூன்றும் கதைமாந்தரின் ஒரு முடிவில் வந்து சேர்கின்றன. உங்கள் பாடநூல் எதுவானாலும் இந்தப் பாதையில் போங்க.

வகுப்பறைப் பயிற்சி

ஆசிரியர்களே, எர்னஸ்ட் ஹெமிங்வேயின் ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ (1929) நாவலின் முடிவை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். முதல் உலகப் போரின்போது ஃபிரெடரிக்கும் கேத்தரினும் இத்தாலியிலிருந்து இரவோடு இரவாக ஏரியில் படகு வலித்து, நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தை அடைகிறார்கள். போர் அவர்களைத் துரத்தி வரவில்லை. ஆனால் அங்கே பிரசவத்தில் குழந்தையும் கேத்தரினும் இறந்துபோகிறார்கள்.

பிறகு இந்த வினாவைக் கொடுங்கள்: “நடுநிலை நாடு இந்தக் காதலர்களுக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்க முடியவில்லை?” ஐந்து வரி போதும். நாட்டின் பெயரோடு நிறுத்திக்கொள்ளும் மாணவர் யார், அதைத் தாண்டி யோசிக்கும் மாணவர் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.