ஈரச் சரட்டில் இணையம்

தீப்பெட்டி இரண்டை நூலால் இணைத்து, ஆளுக்கொன்றைக் காதில் வைத்து ‘ஹலோ’ சொல்வது பிள்ளைகளின் பழைய விளையாட்டு. நூல் விறைப்பாக நிற்க வேண்டும்; கொஞ்சம் தொய்ந்தாலும் பேச்சு நின்றுவிடும். 2017 டிசம்பரில் பிரிட்டனின் ஆண்ட்ரூஸ் அண்ட் ஆர்னால்ட் என்ற சிறிய இணையச் சேவை நிறுவனத்தின் பொறியாளர்களும் சரடு வழியே செய்தி அனுப்பினார்கள். அவர்களுடைய சரடு எப்படித் தொய்ந்தாலும் கவலையில்லை. காயாமல் இருந்தால் போதும்.

“ஈரச் சரடு இருந்தால்கூட பிராட்பேண்ட் ஓடும்” என்பது அந்தத் துறையில் நெடுநாளாகப் புழங்கும் வேடிக்கைப் பேச்சு. அதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். 2 மீட்டர் சரட்டை உப்புத் தண்ணீரில் நனைத்து, தொலைபேசியின் செம்புக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மாட்டினார்கள். மோடம் இணைப்பைப் பிடித்துக்கொண்டது. கிடைத்த வேகம் விநாடிக்கு 3.5 மெகாபிட். ஒரு காலத்தில் வீடுகளில் இருந்த 56 கிலோபிட் டயல்-அப் மோடத்தைப் போல 60 மடங்குக்கும் மேல்!

இதில் சரட்டின் பங்கு கொஞ்சம்தான். உப்பு கரையும்போது பிரியும் சோடியம், குளோரைடு அயனிகள் நீரில் மின்சாரத்தைச் சுமக்கின்றன. ஆனாலும் செம்போடு ஒப்பிட்டால் உப்புநீர் மிக மட்டமான கடத்தி.

பெரிய வேலையைச் செய்தது மோடம். அது பயன்படுத்தும், தொலைபேசிக் கம்பியில் பிராட்பேண்ட் தரும் ஏடிஎஸ்எல் தொழில்நுட்பம் தகவலை ஒரே ஓடையாக அனுப்புவதில்லை. சுமார் 4.3 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கிய நூற்றுக்கணக்கான அலைவரிசைகளாகப் பாதையைப் பிரிக்கிறது. இணைப்பு தொடங்கும்போதே ஒவ்வொன்றிலும் இரைச்சல் எவ்வளவு, சமிக்ஞை எவ்வளவு என்று அளந்துவிடும். தெளிவான அலைவரிசைக்குக் கூடுதல் பிட்டுகள், கலங்கலானதற்குக் குறைவான பிட்டுகள், தேறாதவை ஒதுக்கப்படும். கிடைத்த பாதைக்குத் தக்கபடி சுமையைப் பங்கிடுவதால்தான் சரடும் கம்பியாயிற்று.

சரட்டுக்கு இது புதிய வேலையும் அல்ல. 1729இல் இங்கிலாந்தில், முன்பு சாயத் தொழில் செய்துவந்த ஸ்டீபன் கிரே, சணல் கயிறு வழியே மின்னூட்டத்தை நூற்றுக்கணக்கான அடி தூரம் கொண்டுபோனார். கயிற்றைப் பட்டு நூல்களில் தொங்கவிட்டிருந்தார். பட்டு அறுந்தபோது மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினார். மின்னூட்டம் மறுமுனையை எட்டவே இல்லை. தாங்கும் நூலின் பருமன் முக்கியமல்ல, அது என்ன பொருள் என்பதே முக்கியம் என்று அவருக்குப் புரிந்தது. கடத்தும் பொருள், கடத்தாப் பொருள் என்ற பாகுபாடு அங்கிருந்து தெளிவு பெற்றது.

சரட்டுக்கு உயிர் கொடுத்த ஈரமே வேறோரிடத்தில் எதிரியானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொலைபேசி நிறுவனங்கள் எட்டிப்பார்க்காத அமெரிக்கப் புல்வெளிகளில் பண்ணைக்காரர்கள் முள்கம்பி வேலியிலேயே தொலைபேசியை இணைத்துப் பேசினார்கள். கம்பி மரக்கம்பத்தைத் தொடாதபடி கண்ணாடிப் புட்டி, தோல் துண்டு என்று கைக்குக் கிடைத்ததை இடையில் வைத்தார்கள். மழை வந்தால் கம்பம் நனையும், மின்சாரம் தரைக்குள் இறங்கும், பேச்சு அடங்கும்.

இன்றும் பழைய செம்பு இணைப்புகளில் ஒரு விநோதம் நடப்பதுண்டு. இரட்டைக் கம்பியில் ஒன்று அறுந்தால் தொலைபேசி ஊமையாகிவிடும். பிராட்பேண்டோ சில நேரம் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். அறுந்த இடைவெளியையும் உயர் அதிர்வெண் சமிக்ஞை ஓரளவு தாண்டிவிடுகிறது. தாண்டி வந்ததை வைத்து மோடம் தன் கணக்கைப் போட்டுக்கொள்கிறது.