முதுமைத் தடம் – 11: சிறைக்குள் மறதி

2020 ஜூலையில் நவி மும்பை தலோஜா சிறையிலிருந்து ஹைதராபாத்தில் இருந்த மனைவியிடம் தொலைபேசியில் பேசினார் தெலுங்குக் கவிஞர் வரவர ராவ். அப்போது அவருக்கு வயது 79. மனைவி உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க, அவரோ எழுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த தன் தகப்பனாரின் இறுதிச் சடங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த சக கைதி தொலைபேசியை வாங்கி, அவரால் தானாக நடக்கவோ கழிப்பறைக்குப் போகவோ பல் துலக்கவோ முடியவில்லை என்று சொன்னார்.

ரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் முதியவர்களுக்கு இப்படிப் புத்தி தடுமாறும். அவருக்கு அந்தக் குறைபாடு இருந்ததாகக் குடும்பத்தார் கூறினார்கள். தற்காலிகத் தடுமாற்றமா, டிமென்ஷியா என்ற மறதி நோயா என்று பிரித்துச் சொல்ல முறையான பரிசோதனை வேண்டும். மருத்துவக் காரணத்துக்காக மும்பை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆறு மாத ஜாமீன் கொடுத்தது 2021 பிப்ரவரியில்.

அதே தலோஜாவில் அடைபட்டிருந்தவர், திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த ஸ்டான் சுவாமி. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி, டம்ளரைப் பிடிக்க முடியாமல் உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றப் படியேறிய 83 வயதுப் பாதிரியார். சாப்பிடவும் குளிக்கவும் அவருக்கு உதவியவர்கள் சக கைதிகள். துணி துவைத்து, மூட்டு வலிக்கு முழங்காலைப் பிடித்துவிட்டவர்கள் பரம ஏழை வீட்டுப் பிள்ளைகள் என்று அவரே கடிதத்தில் எழுதினார். 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே இறந்துபோனார்.

இந்த இருவருக்கும் வாதாட வழக்கறிஞர்கள் இருந்தார்கள், எழுதப் பத்திரிகைகள் இருந்தன. பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றுத் திருச்சி மத்திய சிறைக்குப் போகும் ஒரு விவசாயக் கூலிக்கு என்ன இருக்கிறது?

வீட்டில் டிமென்ஷியா சீக்கிரம் தெரிந்துவிடும். அடுப்பில் பால் பொங்கி வழியும், கடையில் சில்லறைக் கணக்கு தப்பும், பழகிய தெருவில் வழி மறக்கும். சிறையில் சமைக்க வேண்டாம், காசு எண்ண வேண்டாம், வழி தேட வேண்டாம். மணியடித்தால் எழுந்து வரிசையில் நின்றால் போதும். அதனால் நோய் முற்றும்வரை யாருக்கும் புலப்படுவதில்லை. எண்ணிக்கை எடுக்கும் நேரத்தில் வேறு அறையில் போய் நின்றாலோ, சொன்னதைக் கேட்காமல் முரண்டு பிடித்தாலோ அது நோயாகத் தெரியாது, ஒழுங்கீனமாகத்தான் தெரியும். முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர், பாபநாசத்தில் ரயிலேறி, மனு போட்டுப் பார்க்க வரும் மகள். அவளுக்குக் கிடைப்பதோ கம்பி வலைக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம்.

கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ சிறையில் 2009 முதல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நன்னடத்தை உள்ள கைதிகளுக்கு அல்சைமர் சங்கத்தின் மூலம் பயிற்சி கொடுத்து, மஞ்சள் அங்கி போட்டுவிட்டார்கள். மறதி நோயாளியைக் குளிப்பாட்டுவது, சவரம் செய்துவிடுவது, உணவுக் கூடத்துக்குக் கூட்டிப்போவது, அவர் தட்டிலிருந்து மற்றவர்கள் பிடுங்காமல் காவல் நிற்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மாதச் சம்பளம் 50 டாலர். கொலைக் குற்றவாளிகளும் அதில் உண்டு.

நம் சிறைகளுக்கும் இது எட்டாத காரியமில்லை. நன்னடத்தைக் கைதிகளை, மற்றக் கைதிகளைக் கண்காணிக்கும் கன்விக்ட் வார்டராக அமர்த்திய பழக்கம் இங்கே உண்டு. தலோஜாவில் பயிற்சியே இல்லாமல் கைதிகள் செய்தது இதே வேலையைத்தான்.

சட்டமும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்குத் தரும் வரையறையில் நினைவாற்றல் கோளாறும் அடங்கும். மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநல நிலையம் வேண்டும் என்கிறது அதன் 103ஆம் பிரிவு. ஆனால் தலைகளை எண்ணாமல் திட்டம் போட முடியாது. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரமோ 51 வயதுக்காரரையும் 81 வயதுக்காரரையும் '50க்கு மேல்' என்ற ஒரே கட்டத்தில் அடைத்துவிடுகிறது. 60, 70, 80 என்று அதைப் பிரிப்பதுதான் அரசு செய்ய வேண்டிய முதல் வேலை.

உங்கள் குடும்பத்தில் வயதான ஒருவர் சிறையில் இருந்து, நீங்கள் போய்ப் பார்க்கும்போது ஆள் அடையாளம் தெரியாமல் பேசினால், தேதி போட்டுக் குறித்துவையுங்கள். மருத்துவப் பரிசோதனை கேட்டுச் சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். காவலில் உள்ள எவருக்கும், வருமானம் பார்க்காமல், இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100.