தோடையின் நோயும் மரத்தின் சொந்தப் புரதங்களும்

எலுமிச்சைக் குடும்பத்து மரங்களைத் தாக்கும் பக்டீரியா நோய்களுள் சொறி நோயும் பச்சையாதல் நோயும் முக்கியமானவை. இரண்டிலுமே கண்ணுக்குத் தெரியும் கேட்டின் பெரும்பகுதி மரத்தின் சொந்தப் புரதங்களால் விளைவது. தோடைக்குப் பெயர்பெற்ற பிபிலை முதல் பதுளைத் தோட்டங்களின் லயத்து முற்றத்தில் நிற்கும் தேசி மரம் வரை, ஊவாவில் இது அறியப்படவேண்டிய செய்தி.

சொறி நோயைத் தரும் சாந்தோமோனாஸ் பக்டீரியா, காற்றோடு அடிக்கும் மழையில் பரவுகிறது. ஆகவே வடகீழ்ப் பருவமழைக்காலம் அதற்கு வாய்ப்பானது. இலைவாய் வழியாகவோ பூச்சி குடைந்த காயம் வழியாகவோ இலைக்குள் நுழைந்து, தன் புரதமொன்றைக் கலத்துக்குள் செலுத்துகிறது. அந்தப் புரதம் கருவை அடைந்து, லொப்1 என்னும் பரம்பரையலகை இயக்கிவிடுகிறது. அதன்வழி மரமே ஆக்கும் புரதத்தால் கலங்கள் வீங்கி, இலைத்தோல் வெடித்துச் சொறி உண்டாகிறது.

பச்சையாதல் நோய் இதைவிடக் கொடியது. 2005இல் புளோரிடாவில் கண்டறியப்பட்டபின் அங்கு தோடைச் செய்கையே நிலைகுலைந்தது. இலங்கையிலும் இந்நோய் உண்டு. இதைப் பரப்பும் சாறுறிஞ்சும் சிறுபூச்சி கறிவேப்பிலையிலும் பெருகும். வீட்டுக்கு வீடு கறிவேப்பிலை நிற்கும் நம் ஊர்களில் இதை மறக்கலாகாது.

பூச்சி கொண்டுவரும் லிபெரிபக்டர் என்ற பக்டீரியா, சர்க்கரையைக் கடத்தும் உரியத்தில் தங்குகிறது. அதை உணரும் மரம் ஐதரசன் பரவொட்சைட்டைப் பெருக்குகிறது. நெய்யரிக்குழாய்களின் துளைகளைக் கலோசு என்னும் பொருளாலும் பிபி2 என்ற புரதத்தாலும் அடைக்கிறது. காப்புக்காகச் செய்த இந்த அடைப்பே மரத்தைப் பட்டினி போடுகிறது. இலையில் உண்டான சர்க்கரை வெளியேற வழியின்றி மாப்பொருளாகத் தேங்க, வேர் நலிகிறது. காய் கோணலாகி அடிப்பக்கம் பழுக்காமல் பச்சையாகவே நிற்கிறது. இந்நோயைப் பெரிதும் தாவரத்தின் எதிர்ப்புச் சக்தி எல்லைமீறியதால் வரும் நோயாகவே கொள்ளவேண்டும் என்று புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் காட்டினர்.

பக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. அது வெளிவிடும் எஸ்டிஇ1 என்ற புரதம், மரத்தின் தற்காப்பு நொதியங்கள் சிலவற்றை முடக்குவது 2018இல் தெரியவந்தது. ஆனால் அவுஸ்திரேலிய விரல் தேசி இந்நோயைத் தாங்கி நிற்கிறது. அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சிறு புரதத்துண்டு பக்டீரியாவைக் கொல்வதைக் கலிபோர்னிய ஆய்வாளர்கள் கண்டனர். வெயிலின் சூட்டிலும் அது சிதைவதில்லை என்பது பெரும் நம்பிக்கை தருகிறது.

அத்தகைய மருந்து தோட்டத்துக்கு வரும்வரை நோயற்ற ஒட்டுக்கன்றும், பூச்சிக் கட்டுப்பாடும், நோயுற்ற மரத்தை அகற்றுதலுமே வழி. பச்சையாதல் நோயால் மஞ்சளித்த இலையைக் கண்டதும் நாகச் சத்துக் குறைவென்று பசளை இடுவோர் பலர். சத்துக் குறைவில் மஞ்சள் நடுநரம்பின் இருபுறமும் ஒத்திருக்கும். இந்நோயில் ஒருபுறத்துத் திட்டு மறுபுறத்தோடு பொருந்தாது.