பெரிய விலங்குக்கு ஏன் பெரிய குழல்?

பினாங்கு கார்ன்வாலிஸ் கோட்டையில் இருக்கிறது ஸ்ரீ ரம்பாய். 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்த வெண்கலப் பீரங்கி. வாய்வழியே மருந்தைக் கெட்டித்து, குண்டை உள்ளே தள்ளிச் சுடுவார்கள். பழைய வேட்டைத் துப்பாக்கிகளும் இப்படித்தான். இவற்றில் குழலின் விட்டத்துக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம்?

கரிமருந்தை எவ்வளவு கூட்டினாலும் குண்டின் வேகம் ஓரளவுக்கு மேல் ஏறாது. புகையும் உதைப்பும்தான் கூடும். ஆகவே வலிமை வேண்டுமென்றால் குண்டு கனக்க வேண்டும். உருண்டையை நீட்ட முடியாது, பருக்க வைக்கத்தான் முடியும். விட்டம் இருமடங்கானால் எடை எட்டு மடங்கு. காற்று மோதும் பரப்போ நான்கு மடங்குதான். அதனால் பெரிய குண்டு வேகத்தைச் சீக்கிரம் இழக்காது. எளிய கணக்கு, ஆனால் எத்தனை அழகு!

12.5 மி.மீ. ஈய உருண்டை சுமார் 11.6 கிராம். ஒரே மில்லிமீட்டர் கூட்டினால் 14.6 கிராம். அமெரிக்காவில் மானுக்கு முன்னது போதும் என்பார்கள்; பெரிய எல்க் மானுக்குப் பின்னதை விரும்புவார்கள்.

யானைக்கு? இலங்கைக் காடுகளில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கருக்கு 1840இல் செய்த ரைஃபிள் சுமார் 85 கிராம் உருண்டையை எறிந்தது. குண்டு முன்னே பாயும் அளவுக்குத் துப்பாக்கி பின்னே உதைக்கும். அதைத் தாங்கத்தான் அந்த ரைஃபிளுக்கே ஒன்பதரைக் கிலோ எடை. குழலின் விட்டத்துக்கு எல்லை வகுத்தது சுடுபவரின் தோள்தான்.

அப்படிப்பட்ட வேட்டைக்கு இன்று இங்கே இடமில்லை: தீபகற்ப மலேசியாவில் யானையும் புலியும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முழுப் பாதுகாப்பு பெற்றவை. காட்டில் எஞ்சிய புலிகள் 150க்கும் குறைவு.